ஆப்பத்தில் போன ஈஸ்ட்

சேசு மரி சூசை துணை

ஹேடோ, போர்ட் பிளேர்
4.11.2024, திங்கள்

அன்புள்ள செல்வம்மாளுக்கு,

நான் சுகம். 27.10.2024 அன்று நீ சொன்ன முழங்கால் வலி தணிந்ததா?

கிறிஸ்துமஸ் பீருக்கான பார்லி மால்ட்டும் ஹாப்ஸ் பூவும் 19.10.2024 கப்பலில் பழுதின்றி வந்துசேர்ந்தன. ஊரிலிருந்து நான் கையோடு கொண்டுவந்த பீர் ஈஸ்ட் பொட்டலங்களை மட்டும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜஸ்டின் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். நேற்று பூசை முடிந்ததும் அவன் மனைவி சோனியா ஆப்பம் பரிமாறினாள். மூன்று தின்றபின், "உங்க ஈஸ்ட் முழுசையும்தான் போட்டேன் மாமா, பஞ்சு மாதிரி வந்திருக்கு. இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்றாள். வைக்கச் சொன்னேன், வேறென்ன சொல்வது?

இங்கே கிடைப்பது ரொட்டி ஈஸ்ட் மட்டுமே, பீருக்கு அது சரிவராது. "எல்லாம் ஒன்றுதான் அங்கிள்" என்று கடைக்காரர் இந்தியில் சாதிக்கிறார். 30.11.2024க்குள் புளிக்கவைக்காவிட்டால் பண்டிகைக்குப் பீர் ஆயத்தமாகாது. சென்ற இரண்டு கிறிஸ்துமஸையும் இவ்வறையில் தனியே கழித்தேன். மூன்றாவதையும் அவ்வாறு கழிக்க என்னால் இயலாது, செல்வம். தொலைபேசியில் இதைச் சொல்ல வராது என்றுதான் எழுதுகிறேன்.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். தபாலில் அனுப்பினால் வெப்பத்தில் செத்துவிடும். பிளாஸ்கில் வைத்து யாரேனும் விமானத்தில் கொண்டுவர வேண்டும். மகனுக்கு விடுப்புக் கிடைக்காது. நீ விமானத்துக்கு அஞ்சுவாய் என்பதும் அறிவேன். ஆயினும் ஊரில் ஆண்டுதோறும் முதல் குவளையைக் குடித்து, "கசக்குது" என்று முகம் சுளிப்பவள் நீதானே. அதைச் சொல்ல இங்கே ஆளில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஜன்னலோர இருக்கை வேண்டாமென்று சொல், கடல் தெரியாது.

உன்
மிக்கேல்