சென்னிமலைப் பெட்ஷீட்

மாசி கடைசி வியாழன். இரவு.

பிரபு இன்று ஆபீசுக்குச் சென்னிமலைப் பெட்ஷீட் கொண்டுவந்தான். பில்லிங்கில் எனக்கு எதிர் மேஜை அவன். நான் ஏசியை இருபத்திரண்டில் வைத்தால் எழுந்து வந்து இருபத்தாறுக்கு ஏற்றுவான். நான் மறுபடி இறக்குவேன். இரண்டு மாதமாக இதே கூத்து.

இன்று ஏற்றவில்லை. பெட்ஷீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு பில் போட்டான். முதலாளி உள்ளே வருகிற நேரம் பார்த்து நடுங்கிக் காட்டினான்.

"என்னப்பா இது கோலம்?" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்லீங்க சார். அக்காவுக்கு வேர்க்குதாமுங்க. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு அப்படித்தானுங்களாமா, எங்கம்மா சொன்னாங்க. அதான் நாங்க போர்த்திக்கறமுங்க."

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. ஆபீசே சிரித்தது. முதலாளியும் சிரித்தார்.

ஆறு மாதமாகக் கழுத்திலிருந்து உச்சிக்குத் தீ ஏறுவதை நான் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பொடிப்பயல் அதை ஊருக்கே ஏலம் போட்டுவிட்டான். பில் கட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஏசியைப் பதினாறுக்கு இறக்கினேன். அப்படியே மெயின் சுவிட்சை அணைத்தேன். காலையில் போட்டால் பதினாறிலேயே ஓடும். ஏற்றுவதற்கு ரிமோட் வேண்டும். ரிமோட் என் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வந்துவிட்டது. இதோ, இந்த நோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

போட்டால் விறைக்கட்டும், அணைத்தால் வேகட்டும். அவன் அம்மாவிடம் கேட்டு இன்னொரு பெட்ஷீட் கொண்டு வரட்டும்.

முதலாளிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன், மரியாதையாகவே. "சார், உடம்புக்கு முடியலீங்க. இந்த வயசுல அப்படித்தானுங்களாமா. நாளைக்கு லீவுங்க."