தாஸ் அண்ணன் வூட்டு கேரியர்

9, செவ்வாய்
வெயில். காத்து இல்ல. எங்க வூட்டுக்காரரு போய் பன்னெண்டு நாள். மூலக்கொத்தளத்துல புதைச்சுட்டு வந்ததுலருந்து தூக்கமும் இல்ல, அழுகையும் இல்ல.

எங்க மகளிர் குழு இல்லாதவங்களுக்கு ஆக்கிப் போடற கொருக்குப்பேட்டை ஷெட்டுக்குப் போனேன். சாம்பார் சாதம், உருளை. வெங்காயம் நான் அரிஞ்சேன். குழுத் தலைவி சரசக்கா, "பதினாறு முடியட்டுமேடி"ன்னுச்சு. வூட்ல உக்காந்து இன்னா பண்றதுன்னு கேட்டேன். கத்திய குடுத்துச்சு.

அரிசி குடுக்கறவங்க இப்ப போட்டோ கேக்கறாங்களாம். தட்டோட மூஞ்சி தெரியணும். அதுலருந்து கூட்டம் கொறச்சல். சோறு மீந்துச்சு.

ஷெட்டுக்கு வர வெக்கப்படற ஏழு வூட்டுக்கு அவருதான் மூணு சக்கர மீன்பாடி வண்டியில சோத்து கேரியர் கொண்டுபோவாரு. அவரு போனதுலருந்து யாரும் போவல.

10, புதன்
வண்டி மிதிக்கத் தெரியாது. தள்ளிக்கினு போனேன். பிரேக் லூஸு.

ரேஷன் கடையாண்ட ஒருத்தி: "புருசன் போயி பதினாறு கூட ஆவல, தெருவ சுத்துது பாரு." காதுல விழுந்துச்சு. ஒண்ணும் தோணல.

ஆறு வூட்ல வாங்கிக்கினாங்க. கடைசியா கல்மண்டபம், தாஸ் அண்ணன். ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. இடுப்பு போச்சு, தனி ஆளு. "இல்லாதவங்களுக்கு எங்க குழு குடுக்கற சோறுண்ணே. கேரியர புடிச்சிக்கினு நில்லுங்க, ஒரு போட்டோ"ன்னு போனை தூக்கினேன்.

"நான் யாராண்டயும் பிச்சை கேக்கலமா." கதவ சாத்திட்டாரு.

11, வியாழன்
தூறல். போனை வூட்லயே வச்சிட்டுப் போனேன். தாஸ் அண்ணன் கதவு தொறக்கல.

பக்கத்து வூட்டு மேரி, மீன் கழுவிக்கினே: "ரெண்டு வாரமா டீயும் பன்னும்தான் அந்த ஆளு. நீ இன்னா தர்மம் போட வந்தவ மாரி பேசற? உன் வூட்டுக்காரரு தெனம் ஒரு விசேஷம் சொல்வாரு. அக்கா பொண்ணுக்கு வளைகாப்பு, மச்சான் ஆட்டோவுக்கு பூஜை, சோறு மீந்துபோச்சு, வீணாவுது, கொஞ்சம் வாங்கிக்கோண்ணேன்னு. ஒரே புள்ளைக்கு மூணு தபா காது குத்திட்டாரு."

சிரிச்சா. என் மூஞ்சிய பாத்து நிறுத்திட்டா.

அவருக்கு அக்காவே கிடையாது. என்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்ல.

12, வெள்ளி
போவல. நாளைக்குப் படையல். கடலைப்பருப்பு, அப்பளம், வெத்தல, கற்பூரம் வாங்கணும். தலைவலி.

13, சனி
பதினாறாம் நாள். வடை, பாயசம், சங்கரா மீன் கொழம்பு. வஞ்சிரம் கெடைக்கல.

கேரியர எடுத்துக்கினு கல்மண்டபம். "அவரு காரியச் சோறுண்ணே." கதவு தொறந்துச்சு. ரெண்டு கையாலயும் வாங்கினாரு. வாசல்லயே உக்காந்து சாப்ட்டாரு. முள்ளு கூட மிச்சம் வைக்கல.

சாயங்காலம் சரசக்காகிட்ட போட்டோ எடுக்கலன்னு சொன்னேன். "போட்டோ இல்லாத சோத்துக்கு அரிசி கேக்க முடியாதுடி." அண்டாவ கழுவி கவுத்துட்டு, "வண்டியில இன்னா ஏத்தறன்னு நான் பாக்கல. போ."

14, ஞாயிறு
தக்காளி சாதம். வெங்காய பச்சடி. வழி பூரா யோசிச்சிக்கினே தள்ளினேன். பொய் ஒண்ணும் வரல.

"இன்னாமா, இன்னிக்குமா?"ன்னாரு தாஸ் அண்ணன்.

"எங்க வூட்டுக்காரருக்கு இன்னிக்குப் பொறந்த நாளுண்ணே."

என்னையே பாத்தாரு. உள்ள போனாரு. தட்டோட வந்தாரு. "பொறந்த நாளா? அப்ப ஒரு கரண்டி கூடப் போடு."

எங்க ஆளுக்கு ஆதார்ல ஜனவரி ஒண்ணுன்னு கீது. நெஜ தேதி யாருக்கும் தெரியாது. ரெண்டு கரண்டி போட்டேன்.