படுத்தால் விடுகிற தலையிடி

என் ஆசை மச்சாள் புவனா,

"எழும்பினா இடிக்குது, படுத்தா விடுது. இப்பிடியும் ஒரு தலையிடி இருக்குமோ மச்சாள்?" என்று நீ என்னைக் கேட்டாய். முதுகில் ஊசி ஏற்றி, வயிறு கீறி நிரோஜாவை எடுத்து, நீ வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது. "உனக்கு இருக்குதே, பிறகென்ன?" என்றேன். ஏன் வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை. கேட்கப் போன இடத்திலும் யாரும் சொல்லவில்லை.

இப்போது நிரோஜாவுக்கு மகள் பிறந்திருக்கிறாள்! மூக்கு உன்னுடையது. அழுகிற சத்தம் மட்டும் என் தம்பியுடையது. உருத்திரபுரத்து வீட்டில், கண்மூடிப்போன உனக்குப் பதிலாக நான்தான் நிற்கிறேன். உதவிக்கு நிரோஜாவின் மாமியார் செல்வமணி வந்திருக்கிறா. கை சும்மா இராத மனுசி. வாயும் அப்படித்தான்.

உன் மகளுக்கும் முதுகில் ஊசி ஏற்றி, இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணித்தான் கீறினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் பால் கொடுக்க எழும்பி இருந்தவள், தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். பின்கழுத்து வரை இழுக்கிறதாம், காது அடைக்கிறதாம். படுத்துக் கொஞ்ச நேரத்தில் நோ இறங்கியது.

நம்முடைய சனத்திடம் இதற்கு ஒரே தீர்ப்புத்தானே? "தலையில நீர் கோத்திட்டுது." பிள்ளை பெற்றவள் நிறையக் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று செல்வமணி ஏற்கெனவே தண்ணீரை மிடறு மிடறாகத்தான் கொடுத்தா. இப்போது அதையும் நிறுத்தினா. நொச்சி இலை அவித்து, அந்த ஆவியில் வேது பிடிக்க அவளை நிமிர்த்தி இருத்தினா. போர்வைக்குள்ளே நிரோஜா குழறினாள்.

"மாமி, ஏலாது. படுக்க விடுங்கோ."

"படுத்தா சுகமாம், எழும்பினா வருத்தமாம்," என்று செல்வமணி என்னைப் பார்த்துச் சிரித்தா. "அந்த வருத்தத்தை எனக்கும் ஒருக்கா தாங்கோ ரீச்சர், குசினிப்பக்கம் போகத் தேவையில்லை. ஷெல்லடிக்குள்ள பிள்ளை பெத்த சனம் நாங்கள். உது ஒரு நோவோ?"

உன்னையும் கள்ளத் தலையிடி என்றுதானே சொன்னார்கள்? சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமைத்தாயே. சட்டியைத் தூக்கி முற்றத்தில் ஊற்றினேன்.

"என்ன செய்யிறீங்கள் ரீச்சர்! நாங்களும் பெத்தனாங்கள்தானே!"

"ஓம். முதுகில ஊசி போட்டோ பெத்தனீங்கள்? ஆஸ்பத்திரிக்குப் போக வேணும், வானைக் கூப்பிடுங்கோ."

வானின் பின் சீற்றில் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். செல்வமணி குழந்தையோடு முன்னால் இருந்தா.

பார்த்த டொக்டர் இளம் பிள்ளை. "நீர் கோக்கேல்லை அம்மா, ஒழுகிப்போட்டுது," என்றா. மூளை நீரில் மிதக்கிறது. அதே நீர் முள்ளந்தண்டைச் சுற்றியும் இருக்கிறது. ஊசி போன துளை சிலருக்கு உடனே மூடாமல் கசியும். பரிசோதனைக்கு முதுகில் நீர் எடுத்தாலும் இப்படி வரலாமாம். குளத்துக்கட்டு கசிந்தால், குட்டையாகக் கயிறு போட்டுக் கட்டிய வள்ளம் என்ன ஆகும்? நீர் இறங்க இறங்கக் கயிறு விறைக்கும். நிமிர்ந்து இருந்தால் தலைக்குள்ளும் அந்த இழுவைதான், படுத்தால் தளரும். அப்படியானால், நீர் குறைந்தவளையா நாங்கள் தாகத்தில் போட்டோம்?

குடிக்கக் கொடுத்தார்கள். மருந்தும் கோப்பியும் கொடுத்தார்கள். பலருக்கு அதோடு சில நாட்களில் மாறிவிடுமாம். இவளுக்கு மாறவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு மாற்றி, அவளுடைய கையிலிருந்தே இரத்தம் எடுத்து, முதுகில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் செலுத்தினார்கள். அது உறைந்து அடைத்துக்கொண்டது. அன்று பின்னேரம் உன் மகள் நிமிர்ந்து இருந்து பால் கொடுத்தாள், மச்சாள்.

செல்வமணி அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே நின்றா. பிறகு என்னிடம், "ஊரெல்லாம் நீர் கோத்தது எண்டு சொன்ன வாய் இது. இனி அதுக்கு நிறைய வேலை இருக்கு ரீச்சர்," என்றா.

இப்போது சிலர் அந்த ஊசியே கூடாது என்று கதைக்கிறார்கள். அதற்கும் விடமாட்டேன். அந்த ஊசியால்தான் நிரோஜா விழித்திருந்து தன் பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்டாள். பழி ஊசிமேல் இல்லை. நோகிறது என்றவளை நம்பாத எங்கள்மேல்தான். பெரிய நோவுகளைத் தாங்கிய சனம் என்பதால் மற்ற நோவெல்லாம் பொய்யாகிவிடுமா?

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள், துடக்குக் கழிக்கச் சொந்தமெல்லாம் வரும். எல்லாருக்கும் முன்னால் இதைச் சொல்லப்போகிறேன். பென்சன் எடுத்தும் ரீச்சருக்கு வகுப்பு முடியவில்லை என்று சிரிக்கட்டும். இனி நான் கால் வைக்கிற எந்தப் பிள்ளைப்பேற்று வீட்டிலும் ஒருத்தியைக் கள்ளி என்று சொல்ல விடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒன்று: முதுகில் ஊசி ஏற்றிய யாராவது தலை இடிக்கிறது என்றால், படுக்கவைத்து, குடிக்கக் கொடுத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

உன் பேத்தியை மடியில் வைத்திருக்கும்,
உன் மச்சாள்