அதிகாரியம்மாவைச் சுமக்கும் வழிகள்

மார்ச் 3, செவ்வாய்

மகள் அடுத்த மாதம் முதல் தேதி மருந்தகத்துக்கு வேலைக்குத் திரும்புகிறாள். மருமகன் கப்பலில், மழைக்காலத்துக்கு முன் கரைக்கு வரமாட்டார். பகலில் பேத்தியை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, "நான் இருக்கேனே" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று பிறகு எனக்கே சந்தேகமாக இருந்தது.

சிக்கல் இதுதான். பேத்தி படுக்கையில் தூங்குவதில்லை. தொட்டில், மெத்தை, எதுவும் ஆகாது. ஆள்மேல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கண்ணை மூடுவாள். பகல் முழுவதும் அவளை யாராவது சுமந்தாக வேண்டும். ஆயுள் முழுக்க நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன் நான்; எதையும் வரிசைப்படுத்தாமல் யோசிக்கத் தெரியாது. இந்தப் பக்கங்களில் வரப்போவது:

1. நீளத் துணி. உடம்பைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போடுவது.
2. வளையத் துணி. ஒரு தோளில் மட்டும் மாட்டுவது.
3. பெல்ட் பை. கிளிப்புகள் உள்ளது.
4. ஒன்றுமில்லாமல் வெறும் கையால் தூக்குவது.
5. எந்த வழியானாலும் நானே தனியாக மாட்டி, நானே கழற்ற முடிய வேண்டும். இன்னொருவர் கை தேவைப்பட்டால் தள்ளுபடி.

முதல் நான்கும் பரிசீலனைக்கு உரியவை. ஐந்தாவது விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

எதுவும் சரிவராவிட்டால் குழந்தைகள் காப்பகம். இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மகள் அங்கே ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறாள். "இருபதாம் தேதிக்குள்ள வேணுமா வேண்டாமான்னு சொல்லணும்ப்பா. உங்களுக்குச் சிரமம்னா சொல்லிடுங்க, தப்பே இல்ல." அவள் அதட்டிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

வரிசையில் எழுதாத ஒன்று உண்டு. என் வலது தோள். கை காதுக்கு மேலே எழும்புவதில்லை, முதுகுப்பக்கம் போவதும் இல்லை. குழந்தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கியது. மகளுக்குத் தெரியாது.

மார்ச் 5, வியாழன்

தடுப்பூசி. கூடப் போனேன். செவிலியரிடம் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கதவருகே நின்று கேட்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

"எதுல கட்டினாலும் சரி, தாத்தா. குழந்தை முகம் உங்க கண்ணுக்குத் தெரியணும். குனிஞ்சா உச்சந்தலைல முத்தம் குடுக்கற உயரத்துல இருக்கணும். தாடை அதோட நெஞ்சுல ஒட்டக் கூடாது, மூச்சு முட்டும். முட்டி மேல, இடுப்பு கீழ. தவளை உட்காருமே, அப்படி."

வீட்டுக்கு வந்து தவளையை வரைந்தேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம். பேத்தி படத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். அளவு தப்பிய வரைபடத்தைக் கண்டால் என் பழைய மேலதிகாரி அப்படித்தான் பார்ப்பார். அதனால் இன்று முதல் அவள் அதிகாரியம்மா.

மார்ச் 7, சனி

வளையத் துணி. அதிகாரியம்மாவுக்குப் பதில் தலையணை.

வலது தோளில் மாட்டினால் வலி. இடது தோளில் மாட்டினால், வளையத்தில் துணியை இழுத்து இறுக்க வலது கைதான் வேண்டும். அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. தலையணை மெல்ல மெல்லச் சரிந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. தள்ளுபடி.

மார்ச் 8, ஞாயிறு

வெறும் கை. அடுப்பில் பால் பொங்கியது, அணைக்கக் கை இல்லை. தள்ளுபடி.

மார்ச் 10, செவ்வாய்

மருந்தகத்தில் கூட வேலை செய்யும் பெண்ணிடமிருந்து மகள் ஒரு பெல்ட் பை வாங்கி வந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் பிள்ளை வளர்ந்துவிட்டானாம். நல்ல பொருள். தையல் ஒழுங்கு. இடுப்பில் அகலப் பட்டை, தோளில் பஞ்சு வைத்த இரண்டு பட்டைகள். அந்த இரண்டையும் சேர்க்கும் கிளிப் மட்டும் பிடரிக்குக் கீழே, முதுகில் இருக்கிறது.

அதை யோசித்தவனுக்கு எத்தனை கைகள் என்று தெரியவில்லை.

"இதுதான் உங்களுக்குச் சரியா வரும்ப்பா. முடிச்சே கிடையாது. டக்கு டக்குனு மாட்டிடலாம்."

"நல்லா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 12, வியாழன்

மகளும் குழந்தையும் வெளியே போயிருந்தார்கள். சமையலறை அலமாரியில் இருந்த உப்புப் பொட்டலங்களை எல்லாம் எடுத்துப் பெல்ட் பையில் அடுக்கினேன். எடை ஏறக்குறைய அதிகாரியம்மாவின் எடை.

யோசனை இது: முதுகுக் கிளிப்பை முன்கூட்டியே மாட்டிவிட்டு, பையை மொத்தமாகச் சட்டை போல் தலைவழியே போட்டுக்கொள்வது. சுலபமாக இறங்கிவிட்டது. எனக்கே வியப்பு. கண்ணாடி முன் நின்று கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கழற்றும்போது வரவில்லை. வலது கை பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. தோள் சுளீரென்றது. இழுத்தால் இன்னும் இறுகுகிறது. மகள் வரும் நேரம். வேறு வழியில்லாமல் எதிர் வீட்டு மணியை இடது முழங்கையால் அடித்தேன். திறந்தவர் பேருந்து ஓட்டுநர். காலை வண்டி முடித்து மதியத்தில் வீட்டில் இருப்பவர்.

அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார், உப்பைத் தூங்க வைக்கறீங்களா?"

"கழற்றிவிடுங்க, தயவுசெஞ்சு."

"உப்புமூட்டைன்னு சொல்லுவாங்க. நான் முதுகுல தூக்கறதைத்தான் பார்த்திருக்கேன். நீங்க நெஞ்சுல தூக்கறீங்க." சொல்லிக்கொண்டே கிளிப்பைத் தட்டிவிட்டார். பிறகு என் கை தொங்கிய விதத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திவிட்டார். "தோளா சார்?"

"மகளுக்குத் தெரிய வேண்டாம்."

"நான் ஏன் சொல்லப்போறேன்? நான் பார்த்ததெல்லாம் உப்பு."

மார்ச் 13, வெள்ளி

மாடிப்படியில் ஓட்டுநர் மகளிடம் கேட்டார்: "ஏம்மா, உங்க வீட்ல உப்பு அவ்வளவா செலவாகுது?" அவள் என்னைப் பார்த்தாள். நான் கைப்பிடிச் சுவரின் பூச்சை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் தானே நீளத் துணி கட்டுவதை இன்று உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் மெத்தென்ற துணி. வரைந்தும் வைத்தேன். நடுத்துணி வயிற்றில். இரு முனைகளும் பின்னால் போய் முதுகில் பெருக்கல் குறி. தோள்வழியே முன்னால் வந்து நடுத்துணிக்குள் நுழைந்து, நெஞ்சில் இன்னொரு பெருக்கல் குறி. மறுபடி இடுப்பைச் சுற்றி முடிச்சு. ஆற்றின் தடத்தை வரைவது போல இருந்தது. எங்கே வளைகிறது, எங்கே கலக்கிறது என்று.

ஒரு விசேஷம் கவனித்தேன். துணியை முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் குழந்தையை உள்ளே வைக்கிறாள். வெளியே எடுக்கும்போதும் துணியை அவிழ்ப்பதில்லை. குழந்தையை மட்டும் உருவி எடுக்கிறாள். துணி அப்படியே உடம்பில் இருக்கிறது.

அதிகாரியம்மா உள்ளே போனதும் கன்னத்தை அம்மாவின் நெஞ்சில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டாள். இவ்வளவு சின்ன உயிருக்கு அவ்வளவு பெரிய மூச்சு. என்ன அலுப்போ.

பிறகு என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் முயன்றேன். முதுகில் துணியைக் கை மாற்றும் இடத்தில் நின்றுபோனது. எத்தனை தடவை செய்தாலும் அதே இடம்.

மார்ச் 17, செவ்வாய்

காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். மகளிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கமாக நடந்துபோகிறவன் போல ஜன்னலோரம் நின்றேன். சுத்தமான அறை. நீலத் தடுப்பு வைத்த குட்டிக் கட்டில்கள். ஒரு பெண் எல்லாரையும் பெயர் சொல்லிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏதாவது குறை கிடைக்காதா என்று நான் தேடினேன் என்பதுதான் கேவலம்.

ஒரு குழந்தை கட்டிலில் அழுதது. அந்தப் பெண் ஓடி வந்து தூக்கினாள், அடங்கியது. இன்னொன்று அழுதது. அதைத் தூக்க இதை வைக்க வேண்டியிருந்தது. வேறென்ன செய்வாள் பாவம், அவளுக்கும் கை இரண்டுதானே.

நம்மாளு படுக்க மாட்டாளே. கீழ வெச்சா மூச்சுப் பிடிச்சு அழுவாளே. ஏன்டா கிழவா, தோள் வரலைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? சொன்னா அவ என்ன செய்வா — பாவம்னு பார்ப்பா, காப்பகத்துக்குச் சரின்னு சொல்லிடுவா. சொல்லாட்டி — குழந்தையைக் கட்டிக்கிட்டு அடுப்படியில நிக்கறப்ப அவுந்துதுன்னா?

அந்தக் கடைசிக் கேள்வியை எழுதிய பிறகு மற்ற கேள்விகள் பெரிதாகத் தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

நாளை கடைசி நாள். மாலையில் மகள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அதிகாரியம்மா அவள் மடியில் தன் பாதத்தைத் தின்றுகொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"காப்பகத்துக்குச் சரின்னு சொல்லிடும்மா."

"ஏன்?"

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு உள்ளே போய் நீளத் துணியை எடுத்து வந்தாள்.

"எழுந்து நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்கப்பா. கையைத் தூக்க வேண்டாம். சும்மா நில்லுங்க, போதும்."

நின்றேன். துணியை என் வயிற்றில் வைத்தாள். பின்னால் போனாள். முதுகில் அவள் கைகள் துணியை மாற்றி இழுப்பது தெரிந்தது. சரியாக நான் நின்றுபோகும் அந்த இடம். வலது தோள்மேல் துணியை விரித்துப் போடும்போது மட்டும் கை தயங்கி, மெதுவாக வைத்தது.

"தோள் எப்பலேர்ந்து?"

"எந்தத் தோள்?"

"ஐயோ அப்பா. சட்டை போடறப்ப வலது கையை முதல்ல நுழைக்கறீங்க. இடது கையால தலை சீவறீங்க, வகிடு கோணலா இருக்கு. நான் மருந்துக் கடைல நிக்கறவ. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். கடைசில உப்புதான் சொல்லணும்போல."

ஓட்டுநர் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். "அவர் உப்புக் கதையை மட்டும்தான் சொன்னாரு. அழுத்தமான ஆளு."

முடிச்சை இறுக்கினாள். அதிகாரியம்மாவைத் தூக்கி, என் நெஞ்சுத் துணிக்குள் ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று இறக்கினாள். முட்டி மேலே, இடுப்பு கீழே. உச்சந்தலை என் உதட்டுக்கு எட்டியது.

"காலைல நான் கிளம்பறதுக்கு முன்னாடி கட்டிவிட்டுப் போறேன். பகல்ல இவளை எடுக்கலாம், வைக்கலாம். துணி உங்க மேலயே இருக்கட்டும். மதியம் தளர்ந்துட்டா எதிர் வீட்டு அண்ணன் இழுத்துக் கட்டிவிடுவாரு. கேட்டுட்டேன். 'பஸ்ஸைக் கட்டி மேய்க்கறேன், உங்கப்பாவைக் கட்ட மாட்டேனா'ன்னாரு."

"அது சரிப்படாதும்மா. இன்னொருத்தர் கை இல்லாம செய்ய முடியலைன்னா, அந்த வேலைக்கு நான் லாயக்கில்லைன்னுதானே அர்த்தம்?"

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் எரிச்சல்தான். "நான் மட்டும் என்ன தனியாவா செய்யறேன்? தனியா முடியலைன்னுதானே உங்களைக் கேட்டேன்?"

அப்போது நெஞ்சில் அந்தப் பெருமூச்சு. அவ்வளவு அலுப்போடு, அவ்வளவு நிம்மதியோடு. என் சட்டைப் பொத்தானுக்கு மேலே சூடாக வந்து பட்டது. குனிந்து பார்த்தேன். தூங்கிவிட்டாள்.

நான் அசையவில்லை. "மூச்சு விடுங்கப்பா" என்றாள் மகள்.

மார்ச் 20, வெள்ளி

மகள் தொலைபேசியில் காப்பகத்துக்கு வேண்டாம் என்று சொன்னாள். நான் பக்கத்து அறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோளுக்கு மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்தேன். அது அவள் நிபந்தனை. தனியாகச் சமாளிக்க முடியாத எதையும் மறைக்கக் கூடாது. அது இரண்டாவது நிபந்தனை.

ஏப்ரல் 1, புதன்

முதல் நாள். எழுத நேரமில்லை. கட்டினாள், போனாள், வந்தாள். மூவரும் உயிரோடு இருக்கிறோம்.

ஏப்ரல் 3, வெள்ளி

உறைந்துபோன தோள் என்கிறார் மருத்துவர். பயிற்சி செய்தால் மெல்லச் சரியாகுமாம், பல மாதம் ஆகலாம். மதியம் துணி தளர்ந்தது. ஓட்டுநர் நான் வரைந்து வைத்த துணிப் படத்தைக் கேட்டு வாங்கி, பேருந்துத் தடம் படிப்பது போல விரலை வைத்துப் பார்த்துவிட்டு இழுத்துக் கட்டினார். "சார், இந்த முதுகு வளைவுல கொஞ்சம் நிதானம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் கட்டுவதைவிட இறுக்கம். அதிகாரியம்மா ஆட்சேபிக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று கடைக்குப் போய் வந்தோம். ரொட்டி, சோப்பு. உப்பு வாங்கவில்லை. தெருவில் ஒரு நாய் குரைத்தது. அவள் என் நெஞ்சுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாயைக் கண்டால் எனக்கும் பயம் என்று அவளுக்குத் தெரியாது. ஒளிந்துகொள்ள நான் போதும் என்று நினைத்துவிட்டாள். நானும் நிமிர்ந்து நடந்தேன்.

மகள் மாலையில் களைத்து வந்தாள். காலைக்கூடக் கழுவாமல் குழந்தையை என்னிடமிருந்து உருவி எடுத்து, சாய்வு நாற்காலியில் நெஞ்சோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்து நான் திரும்பிப் பார்த்தபோது இருவருமே தூங்கிவிட்டார்கள். ஒரே மாதிரி வாய் திறந்திருந்தது.

என்னை அவிழ்த்துவிட மறந்துவிட்டாள். எழுப்ப மனமில்லை. நெஞ்சில் காலித் துணி இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கிறது. அதோடுதான் மேசைக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர் வீட்டு மணியை அடிக்கலாம். தேவையில்லை. அவளே எழுந்து அவிழ்க்கட்டும்.

அதற்குள் முதல் பக்கத்தைத் திருப்பி அந்த வரிசையைப் படித்தேன். மற்ற நான்கிலும் திருத்த ஒன்றுமில்லை. ஐந்தாவது தவறு.