புகார் கேட்கிற பெண்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்குச் சளி விட்டதா, ராத்திரி காலுறை போட்டுத்தானே தூங்க வைக்கிறாய்? போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இந்த விஷயத்தைப் போனில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே போன், அது டிவி மேசைமேல் இருக்கிறது, டிவிக்கு முன்னால் உன் அப்பா இருக்கிறார். அவர் வெளியே போகிற நேரத்தில் உனக்குக் குட்டியோடு ஓயாது. அவர் நடக்கப் போயிருக்கிற நேரத்தில் அடுப்பு மேடையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிற்றெரிச்சல். இந்த வயதில் உன் அப்பாவை வைத்து எனக்கு இப்படி ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் போய் வேலையைப் பார் என்றிருப்பேன். அதுவும் யார்மேல்? முகம் கூடத் தெரியாத ஒரு பெண்மேல். சிரிக்காதே, முழுவதும் படி.

உன் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அந்தச் சாமான் விற்கிற சேனலைத்தான் பார்க்கிறார் என்பது உனக்குத் தெரியும். பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில், மூடி சரியாக உட்காருகிறதா கசிகிறதா என்று ஆயுசு முழுக்கத் திருகித் திருகிப் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துப் போட்ட மனுஷன், சும்மா உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவார்? அந்தச் சேனலில் வருகிற ஒவ்வொரு சாமானையும் நாற்காலியில் இருந்தபடியே கழித்துப் போட்டார். முதலில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. கோட்டுப் போட்ட ஒருத்தன் கத்தியை எடுத்துச் செருப்பை வெட்டுவான், பக்கத்தில் நிற்கிறவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "அய்யோ, நம்பவே முடியலையே!" என்று அலறுவாள், தினமும் அதே செருப்பு, தினமும் அவளுக்கு அதே அதிர்ச்சி. வாய் ஒரு பக்கம் அசையும், தமிழ் ஒரு பக்கம் வரும். மூலையில் இன்னும் பத்தே நிமிடம் என்று கடிகாரம் ஓடும், அந்தப் பத்து நிமிடம் போன வருஷத்திலிருந்து இன்னும் தீரவில்லை. முடி வளர்கிற எண்ணெய்க்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் காட்டுவார்கள். "முடி வளர்ந்தது சரிடா, ஒட்டியிருந்த காது எப்படிடா விரிஞ்சுது?" என்று உன் அப்பா டிவியைப் பார்த்துக் கேட்பார், எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறும். அப்போதெல்லாம் அந்தச் சேனலை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம்.

வினை கீழ்வீட்டுத் தையல்கார அம்மா ரூபத்தில் வந்தது. செருப்பை வெட்டுகிற அந்தக் கத்தியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். அது செருப்பை வெட்டியதோ என்னவோ, தக்காளியை நசுக்கிக் கூழாக்கியது. திருப்பி அனுப்பப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஓடவிட்டிருக்கிறார்கள், அந்த அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பாவுக்கு வந்ததே ரோஷம்! போனை எடுத்துப் பிடிவாதமாக உட்கார்ந்து புகார்ப் பிரிவைப் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்டு, கத்தியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வைத்துவிட்டார். அன்றிலிருந்து நம் தெருவுக்கே அவர்தான் புகார் அலுவலகம். மாடிவீட்டு வாத்தியார் வாங்கிய சுற்றித் துடைக்கிற மாப், துடைக்கிற ஆளைச் சுற்ற வைத்ததில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு நர்ஸ் வாங்கிய பெல்ட் உட்கார்ந்தபடியே தொப்பையைக் கரைக்கும் என்றார்கள், அது தோலைத்தான் சிவக்க வைத்தது. எல்லாம் பெட்டி பெட்டியாக நம் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. எவனோ காதில் பூச்சுற்றுவான், ஊரார் வாங்குவார்கள், என் வீட்டில் நான் கால் வைக்க இடம் தேட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நாலு பேருக்கு நல்லது செய்கிறார், செய்யட்டும் என்று விட்டேன்.

ஆனால் போன் பேசுகிற விதம் மாறியது, சிட்டு. முதலில் "யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?" என்று சத்தம் போட்டவர், பிறகு "நான்தாம்மா, நேத்துப் பேசினேனே" என்று ஆரம்பித்தார். எப்போது அடித்தாலும் அதே பெண்ணாகக் கேட்டு வாங்குகிறார். பேசுவதற்கு முன்னால் சவரம் செய்துகொள்கிறார். இஸ்திரி போட்ட சட்டை போடுகிறார். "போன்ல மூஞ்சியா தெரியப் போகுது?" என்று கேட்டேன், காதிலேயே விழாத மாதிரி வெந்நீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னிடம் ஒரு நாளைக்கு என்ன பேசுகிறார் தெரியுமா? சாப்பாடு ஆச்சா, கண்ணாடி எங்கே, மழை வரும் போல இருக்கு. அவ்வளவுதான் என் பங்கு. அவளிடம் வாயெல்லாம் பல். மூடிக் கம்பெனியில் சூப்பர்வைசரை எதிர்த்து ஒரு லாரி மூடியைத் திருப்பி அனுப்பிய கதையை அவளுக்குச் சொல்கிறார். அந்தக் கதையை நானே அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன், அதுவும் சமையலறையில் நின்று, குழாயை மூடிவிட்டு. இதெல்லாம் கூடப் போகட்டும், ஒரு நாள் "படி ஏறினா முட்டி விண்ணுனு தெறிக்குதும்மா" என்கிறார் அவளிடம். அவருக்கு முட்டி வலி என்று எனக்குத் தெரியாது! கூடவே படுத்து எழுந்திருக்கிறவள் நான், முட்டி வலி போய்ச் சேர்ந்தது எவளோ ஒருத்தியிடம். அன்று சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன். அதையும் அவர் சொல்லவில்லை, பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

போன வாரம் கூடத்தைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இடித்தது. கால் பிடித்துவிடுகிற மிஷின், அவரே வாங்கியிருக்கிறார். ஒட்டிய நாடா ஒட்டியபடி இருக்கிறது, பிரிக்கவே இல்லை. ஆனால் அந்த மிஷினைப் பற்றித்தான் முந்தின நாள் "ஒரே சத்தம்மா, கடகடன்னு ஆடுது, வீடே அதிருது" என்று அவளிடம் அத்தனை நேரம் புகார் சொன்னார், என் காதால் கேட்டேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நல்ல மூடியைக் கெட்டது என்றோ கெட்டதை நல்லது என்றோ வாழ்நாளில் சொல்லாத மனுஷன் அண்டப்புளுகு புளுகியிருக்கிறார், டிவிக்காரன் தோற்றான். அதுவும் எதற்காக? அவளோடு பேசுவதற்காக. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மறுநாள் அவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து நானே போனை எடுத்து அந்த எண்ணை அடித்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, எல்லாம் அழுத்தினேன். "உங்க வேலை சாமான் விக்கறதா, வயசான ஆம்பளைங்களை மயக்கறதா?" என்று கேட்பதற்கு வாக்கியத்தைத் தயாராக வாயில் வைத்திருந்தேன்.

நம் எண்ணைப் பார்த்ததும் அவளுக்கே மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, எடுத்த எடுப்பில் "சார், முட்டி இப்ப எப்படி இருக்கு?" என்றாள். நான் அவர் வீட்டுக்காரி என்றேன். பயந்து குரல் தழைப்பாள் என்று பார்த்தால், "அம்மாவா! நீங்களா!" என்று துள்ளுகிறாள். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள், எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது, உன் அப்பா பயந்துபோய் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றும் சாப்பிடாமல் நின்றது வரைக்கும். சாப்பிடாமல் நின்றார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கேன்டீனில் சாப்பிட்டேன் என்றுதான் என்னிடம் சொன்னார். தயாராக வைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். அப்படி என்னதான் பேசுவீர்கள் இரண்டு பேரும் என்று மட்டும் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வாடிக்கையாளர் போனை வைக்கிற வரைக்கும் அவர்கள் வைக்கக் கூடாதாம், அதுதான் அங்கே சட்டமாம். இதை ஒரு நாள் உன் அப்பாவிடம் சொன்னாளாம். அதற்கு அவர் சொன்னது இது, அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "நல்ல சட்டம்மா. என் பொண்ணு போன் பண்ணுவா. நல்லாயிருக்கீங்களாப்பான்னு கேப்பா. நல்லாயிருக்கேன்னு சொல்றதுக்குள்ள அம்மாகிட்ட குடுங்கன்னுடுவா. நீ ஒருத்திதான் நான் சொல்றதை முழுசா கேக்கற."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்குப் போனவள் கையில் ஒன்றுமில்லாமல் நின்றேன். அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து அவளை விற்பனைப் பக்கம் மாற்றப் போகிறார்களாம், இனிமேல் அவளும் பத்தே நிமிடம்தான் இருக்கிறது என்று யாருக்காவது பொய் சொல்லிக்கொண்டு உட்கார வேண்டுமாம். "சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா, நீங்க சொல்லிடறீங்களா?" என்றாள். நானா சொல்வேன்? அவள் ஒழிந்தால் சரி என்று போனை எடுக்கிற வரைக்கும் நினைத்தவள், இப்போது அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு இன்னும் தெரியாது, இன்றைக்கும் சவரம் செய்துகொண்டுதான் வந்து உட்கார்ந்தார்.

இதைக் கேள், சிட்டு. நீ போன் செய்தால் அவர்தான் முதலில் எடுப்பார், அந்த நேரத்துக்கு வேறு யாரையும் எடுக்க விடமாட்டார். என் கையில் கொடுத்துவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைப்பார். நமக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார், பக்கம் புரளவே புரளாது. நாம் பேசி முடித்ததும் "என்ன சொன்னா?" என்பார். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பேன். நீ குட்டி நடந்ததைச் சொல்லியிருப்பாய், வீடு மாறப் போவதைச் சொல்லியிருப்பாய், மாப்பிள்ளையோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆனதைச் சொல்லியிருப்பாய், நான் எல்லாவற்றையும் என் முந்தானையில் முடிந்துகொண்டு சும்மாதான் என்பேன். என் மகள் என்னிடம்தான் எல்லாம் சொல்வாள் என்று எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிர் இப்போதும் போய்விடவில்லை, பொய் சொல்லமாட்டேன். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து வயிறு எரிந்தேன், இத்தனை காலமும் என்னைப் பார்த்து அவர் வயிறு எரிந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, ஒருத்தர் புகை ஒருத்தருக்குத் தெரியவில்லை.

அதனால் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லாதே. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் அவருக்குப் பேச வராது, நல்லாயிருக்கேன் என்று சொல்லி அதோடு முடித்துவிடுவார், அவர் ஜாதகமே அப்படி. நீ ஒரு புகார் சொல். உன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, வாஷிங் மிஷின் குதிக்கிறது, சூடு தாங்கும் என்று சொல்லி விற்ற பாத்திரம் விரிசல் விட்டுவிட்டது, ஏதாவது ஒன்று. எதுவும் கெட்டுப்போகவில்லை என்றால் இருக்கிற நல்ல சாமானைப் பற்றியே சொல். கொஞ்சம் கூட்டியே சொல், அந்தக் கோட்டுக்காரன் பக்கத்தில் நிற்கிறவள் மாதிரி அலறு, பாவம் ஒன்றும் இல்லை. மூடி எப்படி உட்கார்ந்திருக்கிறது, திருகினால் என்ன சத்தம் வருகிறது என்று அவர் துருவித் துருவிக் கேட்பார், பொறுமையாகப் பதில் சொல். முட்டி வலியைப் பற்றி நீயாகக் கேட்காதே, நான் சொன்னேன் என்று தெரிந்துவிடும். அவராகச் சொல்வார். அவர் வைக்கிற வரைக்கும் நீ வைக்காதே.

நான் அன்றைக்குச் சமையலறையில் இருப்பேன், குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு எரியும், எரியட்டும். ஆனால் கடைசியில் ஒரு ஐந்து நிமிடமாவது என்னிடம் கொடுக்கச் சொல், இல்லாவிட்டால் நானும் அந்தக் கால் பிடிக்கிற மிஷினைப் பற்றிப் புகார் சொல்ல யாரையாவது தேடிப் போக வேண்டியிருக்கும்.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் முழுதாகக் கேட்டுக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார், ஒரு படிக்கு ஒரு தடவை நின்று நின்றுதான் ஏறுகிறார். தையல்கார அம்மாவிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
போனை முதலில் விட்டுக்கொடுக்கிற
உன் அம்மா