ஒற்றைப் பெயர்க்காரி

1993 மார்ச் 7, ஞாயிறு

எனக்கு நிச்சயித்த வித்தோரேயின் வீட்டில் மதியச் சாப்பாடு. திரும்பி வந்து இரண்டு தடவை பல் விளக்கியாகிவிட்டது. வாயில் இன்னும் அந்த வீட்டு வாடை போகவில்லை.

நாள் முழுக்கச் சந்தையில் நின்று மாட்டுக் குடல் கழுவுகிறவள் நான். ஈரல், நுரையீரல், வால், கன்றுக்குட்டியின் பால்குடல் எதைத் தொட்டாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வித்தோரேயின் அப்பா விரலை நக்குவதைப் பார்த்தால் குமட்டிக்கொண்டு வருகிறது. வக்கீல் எத்தோரே அலெயோனி! சாப்பிட்டு முடித்ததும் தந்தத்தில் செய்த இத்தாலிய எழுத்துவில்லைகளை மேசை மேல் கொட்டுவார். ரொட்டித் துகளுக்கு நடுவே யாராவது ஒருத்தர் பெயரை அடுக்குவார். அப்புறம் விரலை நக்கி நக்கி அதே எழுத்துகளை இங்குமங்கும் தள்ளி, பழங்கால ரோமானியப் பெயர் ஒன்றைச் செய்துவிடுவார். ஓர் எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வித்தோரே அலெயோனி அப்படித்தான் தீத்தோ எலியோ நெர்வா ஆனான். அவர்கள் நாய் தெக்லாவுக்குக்கூட உண்டு. குடும்பப் பெயரையும் சேர்த்துக் கலைத்து, லேலியா கத்தோனே. நாய்க்கு!

இன்று என் முறை. சில்வானா என்று அடுக்கினார். நக்கினார். இரண்டே எழுத்தை இடம் மாற்றினார். சால்வினா!

எல்லாரும் கை தட்டினார்கள். வித்தோரேயின் அம்மா என் கன்னத்தில் தட்டி, “இனிமே நீயும் எங்கள்ல ஒருத்தி” என்றாள். அதே அம்மாதான் நான் உள்ளே நுழைந்தவுடன், “கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாம்மா” என்றவள்.

பெயர் எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 9, செவ்வாய்

கடையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் வால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, உனக்குப் பேரே இல்லாமலா இவ்வளவு நாள் இருந்த?”

“வெளையாட்டும்மா. அந்த வீட்டுல எல்லாருக்கும் வைப்பாங்க.”

“செப்டம்பர்ல கல்யாணம். கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே பேரை மாத்துறாங்களா? நல்லா இருக்கே.”

அம்மாவுக்கு வித்தோரேயைப் பிடிக்காது. நாய்க்கு நுரையீரல் வாங்க வந்தவன், ஒரு வருடத்தில் என்னையும் சேர்த்து வாங்கிவிட்டான் என்பாள். எனக்கு முப்பத்துமூன்று வயது. சந்தையில் என்னை யாரும் அதற்கு முன்னால் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. அவன் கூப்பிட்டான். அது அம்மாவுக்குப் புரியாது.

மார்ச் 20, சனி

சால்வினா. சால்வினா. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். வயசுக்கேற்ற புத்தியா இது? சீ.

மார்ச் 27, சனி

பலகை மாட்டியாயிற்று. பச்சைப் பின்னணியில் பொன்னிற எழுத்து: ‘சால்வினா’. கீழே சின்னதாய், ‘குடல், ஈரல், வால்’. ‘செக்கரெல்லி’ என்று எங்கள் குடும்பப் பெயரை அப்பா எழுதி வைத்திருந்த பழைய பலகையை அம்மா கழற்றவிடவே இல்லை. அவள் காப்பி குடிக்கப் போன நேரம் பார்த்து நானே கழற்றினேன். திரும்பி வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. பழைய பலகையைத் துடைத்து, சாக்கில் சுற்றி, மேசைக்கு அடியில் வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வித்தோரே சாயங்காலம் வந்தான். பலகையைப் பார்த்ததும் சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். “என்ன, நல்லா இல்லையா?” என்றேன். “நல்லாத்தான் இருக்கு... அப்பாகிட்ட சொல்றேன்” என்றான். போகும்போது திரும்பி இன்னொரு தரம் பார்த்தான்.

ஏப்ரல் 11, ஈஸ்டர்

மறுபடி அந்த வீடு. ஆட்டுக்கறியைக் கத்தி முனையில் குத்திக் குத்தி, ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். வித்தோரேயின் அம்மா மட்டும் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்து, காதோடு காதாக, “அடுத்த தடவை வர்றப்ப கொஞ்சம் குடல் கொண்டு வாம்மா, அவருக்கு உசுரு. யாருக்கும் தெரியாம பின்கதவு வழியா எர்சிலியாகிட்ட குடுத்துடு” என்றாள். தின்ன ஆசை, ஆனால் வெளியே தெரியக்கூடாது. தூ.

எர்சிலியாக்கா அங்கே பதினெட்டு வருடமாகச் சமையல். வக்கீல் அவள் பெயரையும் கலைத்து சிலேரியா என்பார். “சிலேரியா, உப்பு!” அவளும் கொண்டு வருவாள்.

இன்று வித்தோரேயின் சித்தப்பா மகன் தனக்கு நிச்சயித்த பெண்ணைக் கூட்டி வந்திருந்தான். பெனெதெத்தா, பல் டாக்டர் மகள், இருபது வயது. அவளுக்கும் பெயர் செய்தார். இரண்டு பெயர். முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் கலைத்து, சேர்ந்தாற்போல் இரண்டு பெயர்!

பஸ் நிறுத்தத்தில் வித்தோரேயிடம் கேட்டேன். “எனக்கு ஏன் ஒண்ணு?”

“எழுத்து பத்தலை சில்வானா.”

பத்தலையா? செக்கரெல்லியில் பத்து எழுத்து சும்மா கிடக்கிறதே. அதை அவர் தொடவே இல்லையே. கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. கல்யாணமாகி நானும் அலெயோனி ஆன பிறகு இரண்டாவது பெயர் வரும்போலிருக்கிறது. அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 21, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் படுத்தேன். முடியவில்லை.

இன்று ரோம் நகரத்தின் பிறந்தநாள். வக்கீல் வீட்டில் வருஷா வருஷம் விருந்து. எல்லாரும் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு, திரைச்சீலைக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சோபாவில் சாய்ந்து படுத்தபடி தின்ன வேண்டுமாம். வக்கீல் வெறுங்காலை நீட்டியிருந்தார். மஞ்சள் நகம். தாடையில் தேன் வழிகிறது, துடைக்காமல் பேசுகிறார். உண்மைப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது என்பது சட்டம்.

நான் போனதும் மண்கூஜா ஒன்றைக் கையில் கொடுத்தார். “இன்னிக்கு சால்வினாதான் ஒயின் ஊத்தணும்.” புதிதாக வந்தவளுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்தேன். நினைத்தேனே! சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் ஊற்றினேன். எர்சிலியாக்கா தட்டோடு ஒரு பக்கம், நான் கூஜாவோடு மறு பக்கம். வித்தோரே தன் சித்தப்பா மகனிடம் பேசிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், கோப்பையை மட்டும் நீட்டினான். நான் ஊற்றினேன்.

அந்தச் சின்னப் பெண் பெனெதெத்தாதான் கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. “மாமா, எனக்கு ரெண்டு பேரு. இவங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணு?”

வக்கீலுக்கு ஒரே குஷி. எழுந்து உட்கார்ந்தார். “நல்ல கேள்வி! அந்தக் காலத்து ரோமாபுரியில குடும்பத்து ஆம்பளைக்கு மூணு பேரு. குடும்பத்துப் பொண்ணுக்கு ரெண்டு. ஒத்தப் பேரு யாருக்கு? யார் சொல்றது?”

“அடிமைக்கு.”

சொன்னது வித்தோரே. வகுப்பில் கையைத் தூக்குகிற பையன் மாதிரி, பட்டென்று. அப்பா கேட்டால் பதில் சொல்லியே பழகிவிட்டான் போல.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

நாய்க்கு ரெண்டு பேரு. நாய்க்கு! அந்தப் பேரைத்தானே நான் பொன் எழுத்துல எழுதி எங்கப்பா பலகை இருந்த இடத்துல மாட்டி வச்சிருக்கேன். வழிக்க வழிக்கப் போகாத அருவருப்பு. அவங்க மேலயா, என் மேலயா? தெரியல.

கூஜாவை அவர் மூஞ்சியில் வீசியிருக்கலாம். வீசவில்லை. கம்பளத்தை அப்புறம் எர்சிலியாக்காதானே துடைக்கணும்.

சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். அவள் கூனைப்பூக் காய் வதக்கிக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தாள்.

“உங்களுக்கு இது தெரியுமாக்கா?”

“தெரியாம என்ன கண்ணு. வந்த முதல் மாசமே அவரே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரு. நான் சம்பளத்துக்கு நிக்கிறேன். நீ எதுக்கு நிக்கிற?”

என் கோட்டை எடுத்து நீட்டினாள். பின்கதவு வழியாக வந்தேன். டிராமில் வரும்போதுதான் உறைத்தது. அவளுடைய குடும்பப் பெயர் எனக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை.

ஏப்ரல் 22, வியாழன்

குடல் கழுவினேன். எவ்வளவு சுத்தம் அது.

ஏப்ரல் 24, சனி

கடை அடைக்கிற நேரத்தில் வந்தான். கையில் பூ. அம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டே அங்கேயே நின்றாள், நகரவில்லை.

“அப்பாவுக்கு எல்லாமே வெளையாட்டு சில்வானா. வயசானவரு. மனசுல வச்சுக்காத.”

“உங்கப்பாவை விடு. உனக்கு முன்னாடியே தெரியுமா?”

பூவைப் பார்த்தான். “தெரியும்.”

“எழுத்து பத்தலைன்னியே?”

“நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. பலகை வேற மாட்டிட்ட. எப்படிச் சொல்றது?”

“சொல்ல வேணாம். அன்னிக்கு அந்தக் கூஜாவை என் கையில இருந்து வாங்கியிருக்கலாமே? நீயும் கோப்பையை நீட்டின.”

“எல்லாரும் நீட்டினாங்க.”

அவ்வளவுதான். அவனுக்கு அது பதில். அப்பாவிடம் பேசு என்றேன். “அவர்கிட்ட எப்படி...” என்றான். அழுதிருந்தாலோ, கோபப்பட்டிருந்தாலோகூட எனக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும். வழவழவென்று, பிடிக்கப் பிடிக்க நழுவுகிற பேச்சு. இவனையா நான் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டு தூங்கினேன்?

அவன் போட்ட நிச்சய மோதிரம் சுலபமாகக் கழன்றது. கறி மடிக்கிற தாளில் மடித்து அவன் கையில் வைத்தேன். பழக்கத்தில் நுனியை உள்ளே மடக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அவன் போனபின் அம்மா மேசைக்கு அடியில் குனிந்தாள். சாக்கைப் பிரித்துப் பழைய பலகையை எடுத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “ஏறு. நான் புடிச்சுக்கிறேன்.”

ஏப்ரல் 25, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று! அம்மா புதினா போட்டுக் குடல் வைத்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். நடுவில் கொஞ்சம் அழுதேன். “உப்பு போதுமா?” என்று மட்டும் கேட்டாள்.

மே 8, சனி

சரியான கூட்டம். நம்பர் சீட்டுக் கருவி வைத்த பிறகு சண்டை குறைந்திருக்கிறது, இரைச்சல் குறையவில்லை. வருகிறவர்கள் சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்கிறார்கள். தெரிந்த முகமாக இருந்தால் நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், மற்றவர்களுக்கு நம்பர்.

எர்சிலியாக்கா வந்திருந்தாள். விடுமுறை நாள், நல்ல உடுப்பு, காதில் தோடு. போன வாரமும் வந்தாள். அன்றைக்குத்தான் அவள் குடும்பப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தாள். பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லையாம்.

அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி வித்தோரே. பலகையை நிமிர்ந்து பார்த்தான், செக்கரெல்லி என்பதை மெதுவாக வாய்க்குள் படித்தான். கையைத் தூக்கி, “சில்வானா...” என்றான். அம்மா என் இடுப்பில் முழங்கையால் இடித்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

“எர்சிலியா தி பாவ்லோ அம்மா! வாங்க, உங்க முறை.”

கூட்டத்தில் இரண்டு பேர் விலகி வழி விட்டார்கள். அவள் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு முன்னால் வந்தாள். வால் கறி கேட்டாள், தன் வீட்டுக்கு. நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். அடுத்து மீன்கடைக்கார பெப்பே, அவனுக்கு ஈரல்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தலைக்கு மேல் இருந்த எண்ணைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

“அறுபத்து மூணு!”

அவன் சீட்டை நீட்டினான்.

“என்ன வேணும் சார்?”

மறுபடி பலகையைப் பார்த்தான். பின்னால் ஒரு கிழவி, “சீக்கிரம் சொல்லுப்பா” என்றாள்.

“அப்பாவுக்கு... அரைக் கிலோ குடல்.”

நிறுத்தேன். மடித்தேன். நுனியை உள்ளே மடக்கிக் கொடுத்தேன்.

“அறுபத்து நாலு!”