லியாண்டரின் தூக்கத்துக்கு ஐந்து விதை

பிப்ரவரி 9

மெலனி நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். கார்லண்ட் ஒன்டாரியோவில் கஞ்சா வளர்க்கும் பெரிய கண்ணாடிக் கூடத்துக்கு மேற்பார்வையாளன் ஆகிவிட்டான், ஒரு கூட்டமே அவன் சொன்னபடி கேட்கிறது. சின்னவள் டெஸ்ஸா ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டாள். சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டு ட்ரூசில்லாவிடம் மூன்றையும் சொன்னேன். அவள் பேரன் என்ன செய்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டுச் சங்கடப்படுத்துவானேன்.

நான் ஐந்தாவதோடு நின்று மீன் காயவைக்கப் போனவள். இந்த மூன்று பேருக்கும் பாட்டி.

என் வீட்டுக்காரர் லியாண்டர் நேற்றும் தூங்கவில்லை. இடுப்பில் கத்தி வைத்ததிலிருந்து இதே கதைதான். மாத்திரை போட்டால் வயிறு பிரட்டுகிறது என்கிறார். போன வருஷம் இவரோடு மீன்பிடிக்கப் போய்வந்த செல்பி தன் வீட்டுக் கஞ்சாச் செடியிலிருந்து கொஞ்சம் வெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தானே, அப்போதுதான் மனுஷன் விடிய விடியத் தூங்கினார். செல்பி இப்போது மகளோடு நகரத்துக்குப் போய்விட்டான். டாக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடையில் விற்கிறார்கள். ஆனால் இவர் போகமாட்டார். "மண்ணு வச்சிருக்கிறவன் முட்டைக்கோசு வாங்குவானா? அந்த மாதிரிதான் இதுவும்" என்கிறார். இந்தக் கடலோர ஊரில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கார்லண்ட் ஒரு மாத்திரை டப்பாவில் ஐந்து விதை கொடுத்துவிட்டுப் போனான். வீட்டுக்கு நாலு செடிவரை சட்டம் விட்டிருக்கிறது. நான் போடாத விதை உண்டா? நான் போட்டு முளைக்காத விதை உண்டா?

பிப்ரவரி 11

இரண்டு விதைகளை ஊறவைத்தேன். ஐந்தையும் ஒரே நாளில் இறக்கிவிட நான் முட்டாளில்லை. ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறியோடு வேகவைக்கப் பட்டாணி ஊறப்போடுவோமே, அதே கோப்பை, அதே ஜன்னல் ஓரம்.

பிப்ரவரி 16

ஒன்றும் வரவில்லை. நாறுகிறது.

கார்லண்டைக் கூப்பிட்டேன். இன்னுமா தண்ணீரிலேயே கிடக்கிறது என்று கேட்டான். ஆமாம், ஊறட்டும் என்று விட்டிருக்கிறேன் என்றேன். "பாட்டி, அது பட்டாணி இல்ல. ஒரு நாள் ஊறினா போதும். அதுக்கு மேல போட்டா மூச்சு முட்டிச் செத்துரும்." ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே பனி உறைந்திருக்கிறது என்றதும் பெருமூச்சு விட்டான். குளிரில் விதை கண் திறக்காதாம்.

சரி. இரண்டு போச்சு. மூன்று இருக்கிறது.

பிப்ரவரி 17

மூன்றையும் ஒரு பகல் மட்டும் ஊறவைத்து, ஈரத் துண்டுக் காகிதத்தில் சுற்றினேன். காகிதம் ஈரமாக இருக்கவேண்டும், சொட்டக்கூடாது. பிழிந்துவிட்டுத்தான் சுற்றினேன். மேலும் கீழும் ஒவ்வொரு சாஸர். விறகு அடுப்பின் மேல்தட்டில் வை என்றார் லியாண்டர். கையை வைத்துப் பார்த்தேன், விதை வெந்துவிடும். எவ்வளவு சூடு வேண்டும் என்று கார்லண்டைக் கேட்டேன். ரொட்டி மாவு பொங்குகிற சூடு என்றான்.

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ரொட்டி மாவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஃப்ரிஜ் தலைமேல், பின்பக்கமாக வைத்தேன்.

பிப்ரவரி 20

இரண்டில் வெள்ளை வால்! மூன்றாவது வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது.

இரண்டையும் வால் கீழே போகும்படி, பாதி நகம் ஆழத்தில் புதைத்தேன். பழைய டின் இரண்டு, அடியில் ஆணியால் ஓட்டை. மண் என் மண். கோடையில் கரையில் வந்து விழும் கேப்ளின் மீனையும் கடல்பாசியையும் வருஷா வருஷம் போட்டுப் புரட்டிய மண். நிலவறையில் ஒரு வாளி எடுத்து வைத்திருந்தேன். என் முட்டைக்கோசு பரிசு வாங்குவது இந்த மண்ணால்தான்.

பிப்ரவரி 25

இரண்டும் தலை தூக்கிவிட்டன. மூன்றாவதைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 3

ஜன்னலில் வைத்தது தப்பு. இங்கே மார்ச் மாத வெயில் ஒரு வெயிலா? மூடுபனிதான். தண்டு நூல் மாதிரி நீண்டு கண்ணாடிப் பக்கம் சாய்கிறது. "மூடுபனியில வழி தப்புனவன் கலங்கரை விளக்கத்தத் தேடுற மாதிரி இருக்கு" என்றார் லியாண்டர். சொல்லிவிட்டுக் காப்பியைக் கூடக் குடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கரிக்கோடு.

மெலனி ஒரு செடிவிளக்கு அனுப்புகிறாள். வரும்வரை தாங்குமா?

மார்ச் 6

ஒன்று தாங்கவில்லை. காலையில் மண்ணில் படுத்துக் கிடந்தது. கழுத்து ஒடிந்துவிட்டது.

விளக்கு மத்தியானம் வந்தது.

மார்ச் 7

மீதி இருக்கும் ஒன்றைச் சுற்றிக் கழுத்துவரை மண் அணைத்து நிமிர்த்தினேன். விளக்கை லியாண்டர் மாட்டினார். படகில் வலை தூக்கும் கப்பியைக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து, உத்தரத்தில் கட்டி, கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டிருக்கிறார். செடி வளர வளர விளக்கை ஒவ்வொரு முடிச்சாக ஏற்றலாம். முகத்தில் கொஞ்சம் களை வந்தது மாதிரி இருந்தது. ஆனால் முதல் நாளே ரொம்பத் தாழ்த்திவிட்டார், இலை நடுவில் வெளுத்துவிட்டது. இலை இருக்கும் உயரத்தில் புறங்கையை நீட்டினேன். கையே சுட்டது. இரண்டு முடிச்சு ஏற்றச் சொன்னேன். இப்போது சுடவில்லை.

இரவு விளக்கை அணைத்துவிடுகிறேன். அதற்காவது தூக்கம் வேண்டும்.

மார்ச் 14

இலை நுனி கருகுகிறது. நகம் மாதிரிக் கீழே வளைகிறது. பசி என்று நினைத்து மீன் கழுவின தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் 15

இன்னும் மோசம். என்னத்தப் பண்றது? ஒண்ணே ஒண்ணுதானே மிச்சம் — இதுவும் போச்சுன்னா இவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?

ட்ரூசில்லா ஜாடி திருப்பித்தர வந்தவள் எட்டிப்பார்த்தாள். "என்ன எஃபி, உன் கைக்கு வராத விதையும் ஒண்ணு இருக்கு போல. முட்டைக்கோசுன்னு அதுகிட்ட பொய் சொல்லிப் பாரேன்." சிரித்துவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன். கதவைச் சாத்தினபிறகு சிரிக்கவில்லை.

சாயங்காலம் கார்லண்டோடு போனில் முகம் பார்த்துப் பேசினேன். செடியைக் காட்டினேன். மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"நல்ல மண்ணுடா. கல்யாணமாகி வந்த நாள்லருந்து கேப்ளின் போட்ட மண்ணு."

திரையில் நெற்றியைத் தேய்த்தான். பிறகு சொன்னான், "பாட்டி, பொறந்த குழந்தைக்கு உப்புக்கறி ஊட்டியிருக்கீங்க. அது மேல மீன் தண்ணி வேற."

நாற்றுக்கு ஒன்றுமில்லாத மண்தான் வேண்டுமாம். சத்தெல்லாம் அப்புறமாம். வெளியே நிலம் கல்லாக உறைந்து கிடக்கிறது. கடையில் பை மண் விற்பார்கள், அதை வாங்குங்கள் என்றான்.

மண்ணை வாங்குவதா? நானா?

மார்ச் 16

வாங்கினேன்.

கல்லாவில் எனக்கு முன்னால் நின்றது யார்? ட்ரூசில்லாதான். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையில் இருந்த எழுத்தை வாய்விட்டுப் படித்தாள்.

"எஃபி, மண்ணையா விலை குடுத்து வாங்குற?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "ஆமா. என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வேணும்" என்றேன். அவள் பையின் ஒரு முனையைப் பிடித்து வண்டிவரை தூக்கிக்கொண்டு வந்தாள்.

லியாண்டர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். மடியில் வந்து விழுந்த பையைத் தடவிப் பார்த்தார். வீடு வரும்வரை அதை மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கும்போதுதான் சொன்னார், "இந்தச் செடியும் பொழைக்கலன்னா, அந்தக் கஞ்சாக் கடைக்கு நானே போறேன், எஃபி. நீ வர வேண்டாம்."

வேரோடு ஒட்டிய பழைய மண்ணை வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்ல அலசி, புது மண்ணில் வைத்தேன். இந்தக் கைக்கு நாற்று பெயர்ப்பது புதிதில்லை.

மார்ச் 24

புது இலை. பச்சை. நுனி சுத்தம்.

ஏப்ரல் 12

லியாண்டர் ஒரு முடிச்சு ஏற்றினார்.

ஏப்ரல் 30

இன்னும் இரண்டு முடிச்சு. ட்ரூசில்லா தன் பேரனுக்கு மீன் ஆலையில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். நல்ல பையன் என்றேன். உண்மையிலேயே நல்ல பையன்தான்.

ஜூன் 4

பெண் செடி! ஆணாக இருந்திருந்தால் மருந்துக்கு ஆகிற பூவே கிடையாது, இத்தனை பாடும் வீண். கார்லண்டிடம் சொன்னேன், அவன் அங்கே விசில் அடித்தது இங்கே கேட்டது.

ஜூன் 29

கரையில் கேப்ளின் வந்து விழுகிறது. வாளி வாளியாக அள்ளி முட்டைக்கோசுப் பாத்திக்குக் கொண்டுபோனேன். இந்தச் செடிப் பக்கம் ஒரு வாளிகூட வராது.

ஆகஸ்ட் 19

வெட்டித் தலைகீழாகக் கட்டியிருக்கிறேன், இருட்டு அறையில், கம்பளிச் சாக்ஸ் காயும் கயிற்றில். வீடே வாசனை. பாதிரியார் வந்தார், மூக்கை உறிஞ்சினார், பெர்ரி ஜாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 7

வெண்ணெயில் மெல்லச் சூட்டில் காய்ச்சி வடித்தேன். முதல் தடவை பாதிப் பட்டாணி அளவுதான் கொடுக்கவேண்டும் என்று மெலனி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், நர்ஸ் சொன்னால் நான் மீறமாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். புல் மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார்.

செப்டம்பர் 8

காலையில் அடுப்பை மூட்டினேன். நாற்காலி காலி. டீ போட்டு டின் பால் ஊற்றி வைத்தேன். வரவில்லை. ரொட்டி சுட்டேன். வரவில்லை. பயந்துபோய் அவர் அறைக் கதவைத் திறந்தேன்.

வாயைத் திறந்துகொண்டு, போர்வையைக் காலால் உதைத்துவிட்டு, வெயில் முகத்தில் அடிக்க, மனுஷன் தூங்குகிறார்.

எழுப்பவில்லை. டீ ஆறிப்போனது. நானே குடித்தேன்.

மெலனியிடம் சொல்லவேண்டும்: இணையத்தில் நம் குடும்பப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் படம் ஒன்று இருக்கிறதே, அதில் தாத்தா கண்ணெல்லாம் குழிவிழுந்து நிற்பார். அதை எடுத்துவிடு. இன்று காலை நான் எடுத்த படம் ஒன்று அனுப்புகிறேன். வாய் திறந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. அவர் எழுந்து வேண்டாம் என்று சொல்வதற்குள் அதைப் போடு.